இடுப்பளவுத் தண்ணீர்

காஜா மைதீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோட்டைப்பட்டினத்தில் நண்டு வலை போட்டுப் பிழைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகு, வீட்டில் படுத்துக் கிடப்பவர்களைக் கவனித்துக்கொள்ளத் தனியாகப் பயிற்சி எடுத்தேன். பதினான்கு மாதம் அவரை எழுப்பி, உட்கார வைத்து, நிற்க வைத்து, பள்ளிவாசல் வரை நடக்க வைத்தேன். எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை.

"சிஸ்டர், சின்ன போட்டு ஒண்ணு வாங்கப் போறேன்" என்றார் ஒரு நாள்.

அவருடைய பழைய வள்ளம் அடி ஆழமானது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிறுத்தி, நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து போய் ஏற வேண்டும். இந்தக் காலை வைத்துக்கொண்டு அது முடியாது. அதனால் முழங்கால் தண்ணீரில் மிதக்கும் போட்டாக, கரைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் போட்டாகத் தேடினார். எங்கள் பக்கத்துக் கடலும் அப்படித்தான். அரை கிலோமீட்டர் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது.

"ஆழத்துக்கே போகமாட்டேன். இடுப்பளவுத் தண்ணியில வலையப் போட்டு எடுப்பேன். விழுந்தா என்ன, எந்திரிச்சு நிப்பேன்" என்றார்.

இந்த ஊரில் எல்லோரும் சொல்வதுதான் அது. இடுப்பளவுத் தண்ணீரை இங்கே யாரும் கடலாகவே மதிப்பதில்லை. நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் மனைவி ஜெய்னப் மட்டும் ஒப்பவில்லை. சவூதியில் இருக்கும் மகன் உமைர், 'அத்தாவக் கடலுக்கு விடாதீங்க' என்று தினமும் போனில் சொல்கிறான். "நீங்களும் வாங்கக்கா. நீங்க வேணாம்னு சொன்னாத்தான் அவுக கேப்பாக" என்று, போட்டைப் பார்க்கப் போன அன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சித்திரை மாதம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. போட்டு விற்கும் மரியசெல்வம் தன் இரண்டு ஃபைபர் போட்டுகளைக் கரையோரம் நிறுத்தி வைத்திருந்தார். ஒன்று ஒடுக்கமானது, கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர் இருந்தாலே மிதந்தது. மற்றது அகலமானது, அடி தட்டை, தள்ளுவதற்குக் கனம்.

காஜா மைதீன் ஒடுக்கமானதைத் தொட்டுப் பார்த்தார். இடது கையால் தள்ளினார். நழுவிப் போனது. முகம் மலர்ந்துவிட்டது.

"அகலமானது?" என்று கேட்டேன்.

"அதுல மாப்பிள்ள ஊர்வலந்தான் போகலாம் சிஸ்டர்" என்றார் மரியசெல்வம். "பாய்க்கு இதுதான் தோது."

போட்டு வாங்கும்போது விற்கிறவர் பின்னால் நிற்க, வாங்குகிறவர் முன்னால் உட்கார, ஒரு சுற்றுப் போய் வருவது இங்கே வழக்கம். அப்படியே போய் வந்தார்கள். போட்டு அசையவில்லை. அது அசையாமல் இருந்ததற்குக் காரணம் பின்னால் நின்ற எழுபது கிலோ மரியசெல்வம். நோயாளிகளைப் புரட்டிப் பழகிய எனக்கு, கனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

"தனியாத்தானே போவீங்க? அவரு எறங்கட்டும். வலைய எடுக்கிற மாதிரி எடுத்துக் காட்டுங்க" என்றேன்.

மரியசெல்வம் இறங்கிக் கரையைப் பார்த்து நடந்தார். காஜா மைதீன் கம்பு ஊன்றி நாற்பது அடி தள்ளிப் போனார். நானும் ஜெய்னப்பும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். அவர் எழுந்து, போட்டில் கிடந்த ஈர வலையைத் தண்ணீரில் விட்டு இடது கையால் இழுத்தார். வலது கால் ஊன்றவில்லை. போட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டார்.

"என்ன பாய், குளியலா?" என்று மரியசெல்வம் சிரித்தார்.

அவர் எழுவார் என்று காத்திருந்தோம். இடுப்பளவுத் தண்ணீர்தானே. முதுகு தெரிந்தது. இடது கை தண்ணீரை அடித்தது. தலை வரவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நல்ல கால் சேற்றில் புதைந்துவிட்டது. அதை உருவ வேண்டுமென்றால் மற்ற காலை ஊன்ற வேண்டும். ஊன்ற அவருக்குக் கால் இல்லை.

"கவுந்து கெடக்காரு! தூக்குங்க!" என்று கத்தினேன்.

ஜெய்னப் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரில் ஓட முடியாது. சேறு காலைப் பிடிக்கும், சேலை தொடையைச் சுற்றும். இரண்டு தடவை விழுந்து எழுந்தாள். நான் பின்னாலேயே போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நாற்பது அடியை நடந்ததில்லை. அவள்தான் முதலில் சட்டையைப் பிடித்துப் புரட்டினாள். உதடு நீலமாக இருந்தது. பிறகு இருமினார்.

அரசு மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். கடலை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். படுக்கையிலிருந்தே, "அந்த ஒடுக்கமானதுதான் தப்பு" என்றார்.

ஜெய்னப் சண்டை போடவில்லை. "அகலமானத எடுங்க. அதுல ரெண்டு பேரு நிக்கலாம்" என்றாள்.

"ரெண்டாவது ஆளு யாரு?"

"நாந்தான்."

"நீயா? தோணியில ஏறுனாலே வாந்தி எடுப்ப."

"எடுத்துட்டுப் போறேன். நீங்க கவுந்து கெடக்கிறதப் பாக்கிறதுக்கு அது தேவலாம்."

இந்த ஊரில் பெண்கள் போட்டில் போவதில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பத்து நாள் கழித்து அகலமான போட்டு வந்தது. நானும் ஒரு நிபந்தனை போட்டேன். அவரை எப்படித் தூக்குவது என்று ஜெய்னப் கற்றுக்கொள்ளும் வரை வலை கடலில் விழக்கூடாது.

காலை எட்டு மணிக்கு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினோம். கையைப் பிடித்து இழுக்காதே, காலை அப்புறம் பார், முதலில் முகத்தை மேலே திருப்பு, பிறகு பின்பக்கம் போய் இரண்டு அக்குளிலும் கை கொடு என்றேன். முதலில் என்னை வைத்துப் பழகினாள். சரியாகத்தான் செய்தாள். மரியசெல்வம் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை அவர் கரைக்குப் போகவில்லை.

"ம், விழுங்க" என்றேன் காஜா மைதீனிடம்.

அவர் போட்டின் விளிம்பை இடது கையால் பிடித்திருந்தார். விடவில்லை. அந்தக் கண்ணில் இருந்த பயத்தைப் பதினான்கு மாதத்தில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஜெய்னபு, இருக்கியா?"

"இங்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும் கிட்ட வா."

அவள் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். அவர் விரல்களை விட்டார். முகம் குப்புற விழுந்தார்.