ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவர்கள், கடைசி நேரத்தில் கணக்கு உதைத்தால் அத்தைக்குத்தான் போன் போட்டிருக்க வேண்டும். இதுவரை போடாததற்குக் காரணம் அவர்களிடம் நம்பர் இல்லை, அவ்வளவுதான். போட்டிருந்தால் ராக்கெட் நிலாவைத் தொட்டு, திரும்பி வந்து, மிச்ச எரிபொருளையும் பொறுப்பாக ஒப்படைத்திருக்கும்.

அத்தைக்கு வேலை கண்ணாடிக் கடையில். பில் போடுவதுதான் சம்பளத்துக்கான வேலை. சம்பளமில்லாத வேலை வேறு. "சுவர் பன்னிரண்டு அடி, மூணு கண்ணாடி மாட்டணும், ஓரத்துலயும் நடுவுலயும் அரை அரை அடி விடணும், என்ன அகலம் வெட்டறது?" என்று யாராவது வந்து தலையைச் சொறிவார்கள். "அப்படின்னா..." என்று இழுத்துக்கொண்டே அத்தை எக்செல்லைத் திறப்பாள். அகலத்துக்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டு வைப்பாள். மொத்தம் பன்னிரண்டு வந்தாக வேண்டும் என்று, அதில் இருக்கும் கோல் சீக் என்ற வசதியிடம் கறாராகச் சொல்வாள். முடிவைச் சொல்லிவிட்டால் போதும், அந்தக் கோல் சீக் தொடக்கத்தைத் தேடிக்கொண்டு பின்பக்கமாக ஓடும். மூன்றே கால் அடிக்குக் கொஞ்சம் மேலே என்று மூச்சிரைக்க வந்து நிற்கும். கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பேர் அப்படின்னா அக்கா.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணன் வீட்டில், அண்ணியோடு சண்டையில்லாமல் இருக்கிறாள். இது ராக்கெட்டை விடப் பெரிய சாதனை. அந்த வீட்டில் வாலு என்று ஒருத்தியும் உண்டு, அண்ணன் மகள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் படிக்கிறாள். அவளைப் புகழ்ந்து சொல்ல நிறைய இருக்கிறது, இடம்தான் போதாது. அத்தையின் வீட்டுச் செலவு ஷீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் நடுவே 'அத்தையின் முறைப்பு, மாதம் முப்பது' என்று ஒரு வரி சேர்த்தது அவள்தான். அத்தை அதை அழிக்கவில்லை. எதிரே 'இலவசம்' என்று எழுதி வைத்தாள்.

வினை வந்தது அண்ணனின் முழங்காலில். வாரம் ஆறு நாள் சரக்கு வேன் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமையும் இன்னொருவர் வேனை எடுத்துக்கொண்டு போவார். ஒரு ஞாயிறுக்குத் தொள்ளாயிரம். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வாரத்துல ஒரு நாள் முழுசா ஓய்வு. இல்லேன்னா ஆறு மாசத்துல ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டார்.

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவார்" என்றார் அண்ணன். "தங்கச்சி, உன் கட்டத்துல ஞாயிறு பூஜ்ஜியம்னு வரட்டும். அன்னிக்கே அந்த வேன் சாவியைத் திருப்பிக் குடுத்துடறேன்."

அத்தை உட்கார்ந்தாள். மாசக் கடைசியில் மிச்சம் பூஜ்ஜியம் ஆனாலும் பரவாயில்லை, அதற்குக் குறைந்தபட்சம் எத்தனை ஞாயிறு ஓட வேண்டும்? கோல் சீக் ஓடிப்போய் வந்தது. 2.6.

"அந்தப் புள்ளி ஆறுக்கு மத்தியானம் வரைக்கும் ஓட்டிட்டு வந்துடறேன்" என்று அண்ணன் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

விழுந்த பல்லைக் கட்டிக்கொள்ள மாதம் தொள்ளாயிரம் ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்தாள். 1.6. வெளியே சலவைக்குப் போடும் துணியை நிறுத்திவிடலாம் என்று அண்ணி தானாகவே சொன்னாள். ஐநூற்று நாற்பது. கட்டம் சரியாக ஒன்றில் வந்து நின்றது.

அதற்குமேல் அசையவில்லை. மூன்று நாள் அத்தை அந்த ஒன்றையே முறைத்துக்கொண்டிருந்தாள். இந்த முறைப்பு இலவசமாகத் தெரியவில்லை. அரிசியைக் குறைத்துப் பார்த்தாள், மனசு வராமல் பழையபடி ஏற்றினாள்.

நான்காவது நாள் வாலு வந்து கட்டிலில் தொப்பென்று விழுந்தாள். "அத்தை, என் பஸ் பாஸை அழிச்சிடுங்க. எங்க நிலையத்துல பொண்ணுங்களுக்கு ஃப்ரீயாக்கிட்டாங்க."

"நெஜமாவா?"

"உங்ககிட்ட பொய் சொல்லிட்டு நான் எங்க போவேன்?"

அந்த வழியில் ஓடுவது தனியார் பஸ்தான், பாஸ் தொள்ளாயிரம். அழித்ததும் ஞாயிறு பூஜ்ஜியம். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை திரையைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார். முதல் ஞாயிறு அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, ஒரே செய்தித்தாளை மூன்று முறை படித்தார். நான்காவது முறை அது மடியில் கிடக்க, அப்படியே தூங்கிப்போனார். அத்தை வாசல் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு அதன் அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வாலு நடந்தே போய், நடந்தே வந்துகொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குதிகாலில் ஒரு கொப்புளம், அது அவள் சொந்த விஷயம்.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தை கூப்பிட்டாள். "இங்க வாடி. ஒரு கணக்கு, ஒரு எண்ணுதான் கிடைக்கலை. இங்கேருந்து உங்க நிலையம் எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர். யாருக்கு அத்தை? கடைக்கு வந்தவங்களுக்கா?"

"ஒரு பொண்ணுக்கு. நீ காலைல எத்தனை மணிக்குக் கிளம்பறே?"

"ஆறு ஐம்பது."

"உள்ளே போய் உட்கார்றது?"

"எட்டு மணிக்கு டாண்ணு. லேட்டா போனா அந்த மாஸ்டர் கம்ப்ரஸரைத் தூக்கச் சொல்லுவார்."

அத்தை மூன்றையும் தட்டினாள். எழுபது நிமிஷம் வர வேண்டும், வேகத்தைத் தேடு என்று சொன்னாள். திரையில் 4.29 வந்தது.

"மணிக்கு நாலே கால் கிலோமீட்டர்" என்றாள் அத்தை. "எந்தக் கம்பெனி பஸ்டி இது?"

"வழியில நெறைய ஸ்டாப் அத்தை."

"டிரைவருக்குக் கால்ல கொப்புளமோ?"

வாலு செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. மறுபடியும் வேனை எடுத்துட்டுப் போயிடுவார்."

அத்தை மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். பஸ் வரி திரும்பி வந்திருந்தது. ஆனால் இரண்டு வரியாக. வாலுக்கு நானூற்று ஐம்பது. கீழே, முன்பு தொள்ளாயிரமாக இருந்த அத்தையின் பஸ், அதுவும் நானூற்று ஐம்பது. ஞாயிறு அப்படியே பூஜ்ஜியத்தில் இருந்தது.

"சாயங்காலம் ரெண்டு பேரும் பஸ்" என்றாள் அத்தை. "காலைல ரெண்டு பேரும் நடை. என் கடையும் உங்க நிலையத்துக்கு எதிர்லதானே இருக்கு?"

"உங்க கடை எட்டரைக்குத்தானே திறப்பாங்க?"

"அரைமணி நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கறேன். வயசாகுதில்ல." அத்தை எழுந்து போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். "காலைக் காட்டு. திங்கட்கிழமை காலைல உன்னோட அந்த பஸ்ல எனக்கும் ஒரு சீட்டு பிடிச்சு வை. ஜன்னலோரமா."