அரைகுறை நீச்சலும் அளவுக்கு மீறிய தங்கையும்: வர்ஜின் தீவுகளில் நான்கு நாள்

மார்ச் கடைசியில் என் தங்கை நிவேதாவும் நானும் அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்குப் போய் வந்தோம். நான் நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறேன், அவள் டெக்சஸ் ஆலனில். பல வருடங்களாக ஒரே நாட்டில் இருந்தும், நாங்கள் சந்தித்ததெல்லாம் யாராவது ஒரு குழந்தையின் பிறந்தநாளில், கையில் பேப்பர் தட்டோடு. அதனால் இந்த முறை குழந்தைகளையும் கணவர்களையும் வீட்டில் விட்டுவிட்டு இருவர் மட்டும் கிளம்பினோம். அவள் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை இன்னும் விழவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது தலைவலி. இந்தத் தீவுகள் அமெரிக்காவுக்குச் சொந்தமானவை என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் திரும்பும்போது விமான நிலையத்தில் காகிதங்களைப் பார்க்கிறார்கள், எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள்.

தீவு தீவாகப் போய் ஸ்நார்க்கலிங் செய்வது, அதாவது மாஸ்க்கும் சுவாசக் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது, அவள் யோசனை. அவள் வாரம் மூன்று நாள் நீந்துகிறவள். நான் குளிர்காலத்தில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்புக்குப் போனேன். குளத்தில் பாதி நீளம் போவேன். மல்லாந்து மிதப்பேன், யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால்.

நுவர்க்கிலிருந்து செயின்ட் தாமஸ் தீவுக்கு நேர் விமானத்தில் நான்கு மணி நேரம். என் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மயாமி வழியாக வந்த நிவி எனக்கு முன்பே இறங்கி, விமான நிலைய பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இங்கே டாக்சி என்பது பெஞ்சு போட்ட திறந்த லாரி. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். நாங்கள் ஏறி உட்கார்ந்து அரை மணி ஆகியும் வண்டி நகரவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவரிடம் கேட்டேன்.

"சீட் நிறையும் வரைக்கும்" என்றார்.

"எப்போ நிறையும்?"

"அடுத்த விமானம் வந்ததும்."

அதற்கு மேல் என்ன கேட்பது? தீவின் கிழக்கு முனையில் உள்ள ரெட் ஹுக்கில் அறை எடுத்திருந்தோம். ஒன்பது மைல்தான். இடது பக்கம் ஓட்டும் ஊர், மலைப்பாதை, முக்கால் மணி நேரம்.

மறுநாள் காலை ரெட் ஹுக்கிலிருந்து செயின்ட் ஜான் தீவுக்குப் படகு. இருபது நிமிடம். அங்கிருந்து இன்னொரு லாரி டாக்சியில் ட்ரங்க் பே கடற்கரை. நுழைவுக்கு ஆளுக்கு ஐந்து டாலர். உயிர்காப்பாளர் இருக்கிறார், கழிப்பறை இருக்கிறது, கடலுக்கடியில் பலகைகள் வைத்து மீன்களின் பெயர்களைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பலகைகள் எதுவும் தெரியவில்லை. என் கண்ணுக்கு மைனஸ் ஐந்து பவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாஸ்க் போட்டால் உலகமே கலங்கிய மோர். இது கிளம்பும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம். இருவருமே யோசிக்கவில்லை. மிதவை ஜாக்கெட்டும் நான் வாடகைக்கு எடுக்கவில்லை. எட்டு வாரம் வகுப்புக்குப் போனோமே என்ற நினைப்பு.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு மாஸ்க்கின் ஓரத்தில் தண்ணீர் புகுந்தது. நின்று சரிசெய்யலாம் என்று காலைக் கீழே விட்டேன். தரை இல்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டேன். நிவி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். கரைக்கு வந்து இருமிவிட்டு, மீதி நாளை மரத்தடியில் சிப்ஸ் தின்று கழித்தேன். அன்று நடந்தது இவ்வளவுதான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் படகுத்துறைப் பக்கம் ஒரு கடையில் பவர் வைத்த மாஸ்க்கே வாடகைக்குக் கிடைத்தது, பக்கத்திலேயே காற்றடிக்கும் ஜாக்கெட்டும் விற்றார்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் படகுப் பயணம். ஆளுக்கு நூற்று முப்பது டாலர், அரை நாளில் ஆளில்லாத மூன்று குட்டித் தீவுகள். தீவு என்றதும் இறங்கி நடக்கலாம் என்று நினைத்தேன். இல்லை. தீவுக்கு அருகில் படகை நிறுத்துவார்கள், பின்பக்க ஏணியில் நேராக ஆழக் கடலில் இறங்க வேண்டும். படகை ஓட்டியது ஐம்பது வயதுப் பெண்மணி. ஏணியில் நான் தயங்கி நின்றபோது "ரிலாக்ஸ்" என்றார். பின்னால் வரிசையில் நின்றவரும் அதையே சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டு ரிலாக்ஸ் ஆன மனிதர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

அவர்களையாவது பொறுத்துக்கொண்டேன். நிவியைத்தான் முடியவில்லை. தண்ணீரில் இறங்கியதிலிருந்து என் ஜாக்கெட் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை என் தலையைத் தூக்கவைத்து "ஓகேவாக்கா?" என்று கேட்டாள். பவர் மாஸ்க் புண்ணியத்தில் முதல்முறையாக நீல மீன் கூட்டம் ஒன்று துல்லியமாகத் தெரிந்தது. "ஓகேவா?" மீன்கள் கலைந்தன. பாறைக்கடியில் திருக்கை ஒன்று மணலை உதறி எழுந்தது. "ஓகேவா?" இரண்டாவது தீவிலும் இதே கதை. படகில் ஏறியதும் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

"ஏண்டி, கொஞ்ச நேரம் என்னைத் தனியா விடேன். நான் என்ன டேகேர் குழந்தையா?"

"விட்டுட்டு? மறுபடியும் முழுகினா யாரு பிடிப்பா?"

"நேத்து கொஞ்சம் தண்ணி குடிச்சேன். அதுக்குப் போய் இவ்வளவு ஸீன் பண்ற."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கொஞ்சமா? அக்கா, நீ மேல வரவே இல்லை. என்னைப் பாத்துட்டே கீழ போயிட்டு இருந்தே. கத்தலை, கையக்கூட ஆட்டலை. நீ ஏதோ மீனைப் பாக்கறேன்னுதான் நான் முதல்ல நெனச்சேன்." தன் மாஸ்க்கைக் கழற்றிக் கீழே வைத்தாள். "அப்புறம்தான் உன் மூஞ்சியப் பாத்தேன். நேத்துலேர்ந்து நான் ஒரு மீனக்கூட பாக்கலை."

என் நினைவில் அது இரண்டு மிடறு உப்புத் தண்ணீர். மூன்றாவது தீவில் நான் இறங்கவில்லை, அவளும் இறங்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு, கொடுத்த காசுக்கு வெயில் வாங்கினோம்.

நான்காம் நாள் மறுபடியும் செயின்ட் ஜான். இந்த முறை மாஹோ பே. அலை இல்லாத கடற்கரை, வெகுதூரம் வரை இடுப்பளவுதான் தண்ணீர், கடலடிப் புல்லை மேய ஆமைகள் வரும். இங்கே உயிர்காப்பாளர் இல்லை. நான் கரையோரம் நிற்கிறேன், நீ போய் ஆமையைப் பார்த்துவிட்டு வா என்று நிவியைப் பிடிவாதமாக அனுப்பினேன்.

"இருபது நிமிஷத்துல வந்துடறேன். நீ முழங்காலுக்கு மேல போகாத" என்றாள்.

இருபது நிமிடம் ஆனது. வளைகுடாவில் எங்கு பார்த்தாலும் சுவாசக் குழாய்கள், எல்லாமே கறுப்பு. இவள்தான் என்று நான் கண்வைத்திருந்த குழாய் எழுந்து நின்றபோது அது தாடி வைத்த ஒருவர். அரை மணி தாண்டியது. பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், நீல நிறத் துடுப்புக் காலணி போட்ட பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். வலது பக்கப் பாறையைக் காட்டினார்.

கண்ணாடியைக் கழற்றி அவர் பையில் போட்டுவிட்டு மாஸ்க்கை மாட்டினேன். ஜாக்கெட்டில் காற்றை ஊதினேன். மார்பு வரை நடந்தேன், பிறகு முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பாறை இருந்த பக்கமாக உதைத்தேன். மாஸ்க் வழியே தெரிந்ததெல்லாம் புல், மணல், புல். நீல நிறம் எங்கேயும் இல்லை. எனக்கு நேர் கீழே பெரிய ஆமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. முதுகு ஓட்டில் ஒரு மீன்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஆமைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். அதைத் தாண்டிப் போனேன்.

"அக்கா! எங்க போற?"

குரல் கரையிலிருந்து வந்தது. தலையைத் தூக்கினேன். துடுப்புக் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் நின்றுகொண்டிருந்தாள் என் தங்கை. வளைகுடாவின் மறுகோடியில் கரையேறி, கடற்கரை வழியாக நிதானமாக நடந்து வந்திருக்கிறாள். அப்போதுதான் காலைக் கீழே விட்டேன். தரை இல்லை.

பயம் வந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. மல்லாந்து படுத்தேன், வானத்தைப் பார்த்தபடி கரைப்பக்கம் உதைத்துக்கொண்டே வந்தேன். அவள் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவந்து நின்றாள். கையை நீட்டினாள், ஆனால் பிடிக்கவில்லை. நானே எழுந்து நிற்கும் வரை காத்திருந்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?"

"ஆமைக்கா. அஞ்சு பாத்தேன். அதுங்க பின்னாடியே போயிட்டேன்."

அவளை அடிக்கலாம் போல இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன், கரை வரும் வரை விடவில்லை. அவளும் "நான் என்ன குழந்தையா" என்று கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கண்ணாடி போடுகிறவர் பவர் மாஸ்க்கை வீட்டிலிருந்தே வாங்கிப் போங்கள். வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள். பவளப்பாறையைக் கெடுக்கும் சன்ஸ்கிரீன்களுக்கு அங்கே தடை, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். அரைகுறை நீச்சல்காரர்கள் படகுப் பயணத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மாஹோவுக்கு இன்னொரு நாள் போகலாம். மூழ்குகிறவர் கத்துவார் என்று நம்பி இருக்காதீர்கள், நான் கத்தவில்லை.

நீந்தத் தெரியாதவருக்குத்தான் எல்லோரும் விதி சொல்வார்கள். நன்றாக நீந்துகிறவர் உங்களோடு வந்தால், அவரிடமும் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் இறங்குகிறாரோ அந்த இடத்தில்தான் கரையேற வேண்டும். நிவியிடம் வாங்கிவிட்டேன். சரி என்று சொல்லியிருக்கிறாள். நான் நம்பவில்லை.