பாத்திர அறை

கல்யாணம் வந்தால்தான் எங்கள் அறை பெரிதாகும். மற்ற நாட்களில் அண்டா, குண்டா, தவலை எல்லாம் சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும். நடுவில் ஒரு பாய் விரிக்க மட்டும் இடம் இருக்கும். அதில் என் வீட்டுக்காரர் படுத்துக்கொள்வார், நான் நிலைப்படியை ஒட்டி முடங்கிக்கொள்வேன். முகூர்த்த நாளில் பாத்திரங்கள் சமையல்கட்டுக்குப் போய்விடும், நானும் காலை நீட்டலாம். ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் எங்களுக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

அது எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் போகும் தெருவில் இருந்த பழைய சத்திரம். யாத்திரை வருகிறவர்கள் தங்குவார்கள், கல்யாணத்துக்கும் விடுவார்கள். எங்களுக்கு ஊர் செய்யூர்ப் பக்கம், கடற்கரைக் கிராமம். அவர் உப்பளத்தில் மேஸ்திரி. என் சொந்தத் தாய்மாமன்தான். கல்யாணத்துக்குப் பிறகும் மாமா என்றுதான் கூப்பிட்டேன். உப்பளத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் உப்பு வாருகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. கடவுளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

நடமாட முடிந்தவர்களுக்குக் காஞ்சிபுரத்துப் புற்று ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது. வெளியே தங்கி, தினமும் வந்து கரண்ட் வைத்துக்கொண்டு போக வேண்டும். கதிர் பாய்ச்சும் அந்த வைத்தியத்துக்கு எங்களைப் போன்றவர்கள் வைத்த பெயர் அது. லாட்ஜில் தங்க வசதியில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துப் பார்த்தோம், போலீஸ்காரர் லத்தியால் தட்டி எழுப்பினார். யாரோ கை காட்டியதால் சத்திரத்துக்குப் போனோம்.

சத்திரத்து மேனேஜர் மனைவியை இழந்தவர். என் முகத்தைப் பார்க்கும் முன் நெற்றியைப் பார்த்தார், பிறகு கழுத்தைப் பார்த்தார். "வாடகை எல்லாம் வாணாம்மா. வேலை செய்றியா?" என்று கேட்டார். பெருக்க வேண்டும், கோலம் போட வேண்டும், பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்க வேண்டும். இன்னொரு வேலையும் இருந்தது. மாப்பிள்ளையோ பெண்ணோ வந்து இறங்கினால் வாசலில் ஆரத்தி சுற்றி உள்ளே அழைப்பது அந்தச் சத்திரத்தின் வழக்கம். அதற்கு ஒரு சுமங்கலி வேண்டும். மனைவி இருந்தவரை அந்த அம்மாள் செய்தார்களாம். இப்போது ஆள் இல்லை. சம்பளம் கிடையாது. பாத்திர அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்துகொள்ளலாம்.

"ரெண்டு விசயம் சொல்லிடறேன். உங்க வூட்டுக்காரரு முன்பக்கம் வரக்கூடாது. வர்றவங்க மனசு சங்கடப்படும். இன்னொன்னு, உள்ள ஒன்னும் ஆவக்கூடாது."

ஒன்றும் ஆகக்கூடாது என்றால் சாகக்கூடாது என்று அர்த்தம். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சத்திரத்தில் ஓர் உயிர் போனால் அடுப்பு எரியாது, பேசி வைத்த கல்யாணங்கள் கைமாறிப் போகும், பிணத்தை எடுக்கும் வரை கோயிலில் பூஜை நடக்காது. எல்லாம் தெரிந்துதான் சரி என்றேன். பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். தன் முகத்துக்கு நேரே ஒருத்தர் இப்படிச் சொல்கிறாரே என்று கோபப்படக்கூட அவருக்குக் குரல் எழும்பவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

குரல் முழுக்கப் போன பிறகு அவர் கரண்டிக்காம்பால் அண்டாவில் தட்டி என்னைக் கூப்பிடுவார். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் வந்து திருப்பிப் படுக்க வை. நான் கிணற்றடியில் இருந்தாலும் கேட்கும். கல்யாண நாட்களில் அண்டாக்கள் போய்விடும், தட்ட ஒன்றும் இருக்காது. அப்போது மேளச் சத்தம் வேறு. நானாகத்தான் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வருவேன்.

ஆரத்தி வேலையை நான் வெறுத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவப்பாக்கி, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, சிரித்த முகமாக நிற்க வேண்டும். பட்டு எடுக்கவென்றே நாலு நாள் முன்னதாக வந்து தங்கும் கூட்டம் உண்டு. முந்தானையில் ஜரிகை குறைச்சல் என்று சம்பந்திகள் கூடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஒரு மனுஷனுக்குக் கஞ்சி இறங்கவில்லை, இவர்களுக்கு ஜரிகை கவலை என்று மனசுக்குள் வைவேன். அவர்களிலும் விவரமான கிழவிகள் இருப்பார்கள். தட்டை நான் கையில் எடுக்கும் முன், "வூட்டுக்காரரு இன்னா பண்றாரும்மா?" என்று கேட்பார்கள். "உள்ளதான் இருக்காரு" என்பேன். அந்தப் பதில் போதும் அவர்களுக்கு. அவர் மூச்சு விடும் வரைதான் எனக்கு அந்த அறை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் பெரிய டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மழுப்பவில்லை. "இனிமே கரண்ட் வாணாம்மா. ஊருக்கு அழைச்சிக்கினு போங்க. அவருக்குப் புடிச்சதைக் குடுங்க" என்றார். எச்சிலே இறங்காதவருக்குப் பிடித்தது எதைக் கொடுப்பேன்? அங்கேயே ஒரு மூலையில் நின்று அழுது தீர்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு சத்திரத்துக்குக் கூட்டி வந்தேன்.

மறுநாள் கல்யாணம். பாத்திரம் எடுக்க ஆட்களோடு வந்த மேனேஜர், மாமாவைக் குனிந்து பார்த்தார். ஆட்களைப் பாத்திரங்களோடு அனுப்பிவிட்டு என்னை நடையில் நிறுத்தினார்.

"இன்னிக்கே கௌம்பிடும்மா. ஜட்கா நான் பேசி வுடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "நாளைக்கு ஆரத்திக்கு யாரை வெச்சிருக்கீங்க? இத்தினி நாளா என் கை இனிச்சிது, இன்னிக்கிக் கசக்குதா? போற உசுரு உங்களைக் கேட்டுக்கினுதான் போவணுமா?"

அவர் திருப்பித் திட்டவில்லை. "அதுக்குத்தாம்மா சொல்றேன். நீ அங்க தட்டைச் சுத்திக்கினு இருக்கிறப்ப இங்க எதுனா ஆயிட்டா, அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட ஊரு உன் கையைத்தான் சொல்லும். உன்னை வாழ வுடமாட்டாங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரையும் அப்போது நான் நம்பவில்லை.

அறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. அண்டா இல்லாததால் மாமா உள்ளங்கையால் தரையை அடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. ஓடிப்போய் அவர் வாயருகே காதை வைத்தேன். காற்றாகத்தான் வந்தது பேச்சு.

"நீ நாளைக்கு ஆரத்தி எடு. நான் வெளிய ஜட்கால குந்திக்கினு இருக்கேன். முடிஞ்சதும் போலாம்."

"எதுக்கு மாமா? அவங்க கல்யாணம் எப்பிடிப் போனா நமக்கு இன்னா?"

"நான் பார்த்ததே இல்லியே."

உண்மைதான். அத்தனை கல்யாணத்திலும் நான் வாசலில் நின்றிருக்கிறேன், அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முன்பக்கம் வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களே. சற்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னார். "இதுக்கப்புறம் உன்னை யாரும் கூப்புடமாட்டாங்க."

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

காலையில் மாமாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். பின்கட்டு வழியாக மேனேஜரும் ஜட்காக்காரரும் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வண்டியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வண்டி சுற்றிக்கொண்டு வந்து எதிர்ச்சாரியில் நின்றது. யாரோ பயணி என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். எங்கள் டிரங்குப் பெட்டி அவர் காலடியில் இருந்தது.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார், சின்ன வயசு, கூச்சத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நான் தட்டைச் சுற்றினேன். மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே எதிரில் வண்டி தெரிந்தது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தன்று என்னை அப்படிப் பார்த்தாரா என்று எனக்கு நினைவில்லை, அன்று நான் தலை நிமிரவே இல்லை. இப்போது நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு நாள் வெறுத்த வேலையை அன்று அவருக்காகச் செய்தேன், நிதானமாக, ஒரு குறையும் இல்லாமல். மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்துவிட்டு, நடுத்தெருவில் போய்ச் சிவப்புத் தண்ணீரை ஊற்றினேன்.

பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, தாம்பூலம் கொடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, கை நிறைய மல்லிகையை எடுத்து என் தலையில் சூட்டினார். "தீர்க்க சுமங்கலியா இரும்மா" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அந்த அம்மாளை அறைய வேண்டும் போல இருந்தது. காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்று மணலைப் பார்த்தபோது கண்ணைத் திறந்தார். தட்ட அண்டா இல்லை, அதனால் விரல் நகத்தால் என் கண்ணாடி வளையலில் தட்டினார். ஒரு தட்டு. துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தேன். உத்திரமேரூரில் ஒரு தடவை தட்டினார். மதுராந்தகத்தில் இறங்கி அடுத்த பஸ் ஏறிய பிறகும் ஒரு தடவை. என் தலைப்பூ அவர் முகத்தில் உரசிக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு தட்டவில்லை. உப்புக்காற்று அடிக்கத் தொடங்கிய இடத்தில் அவர் தலை கனத்தது. எனக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டு அழ முடியாது. தெரிந்தால் வழியிலேயே இறக்கி விட்டுவிடுவார்கள், அத்துவானச் சாலையில் நான் தனியாக என்ன செய்வேன்? அதனால் அவரோடு பேசிக்கொண்டே வந்தேன். "தோ வந்துடுச்சு மாமா, உப்பளம் தெரியுது பாரு" என்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "தூங்கறாரா?" என்றார். "ஆமாங்க, ராவெல்லாம் தூங்கல" என்றேன்.

ஊரில் இறக்கும்போதுதான் கத்தினேன். பெண்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்ணெல்லாம் முதலில் என் தலைக்குத்தான் போனது. மல்லிகை வாடாமல் அப்படியே இருந்தது. யார் கையும் படும் முன் நானே அதை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

காரியத்தன்று வளையலை உடைக்க வந்தபோது மட்டும் கையைக் கொடுக்கவில்லையாம் நான். நாலு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்ததாம். எனக்கு அதெல்லாம் நினைவில்லை, என் சித்தி சொல்லித்தான் தெரியும். "இதையும் ஒடைச்சிட்டா அவரு தட்டறது எனக்கு எப்பிடிக் கேக்கும்?" என்று கத்தினேனாம்.