அபிதா மேடத்தின் சந்தேகம்

அபிதா மேடம் காலமானார் என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். "யாருங்க சொன்னது? நேர்ல பார்த்தவங்க யாரு?" என்று கேட்டேன். "சாவுல கூடவா சார் சந்தேகம்?" என்று மறுமுனை சலித்துக்கொண்டது. அவருடன் ஒரே ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் வேறெப்படிக் கேட்பான்? அவருடைய அண்ணனிடம் பேசி உறுதிசெய்துகொண்டேன். செய்தி உண்மைதான்.

டாக்டர் அபிதகுஜாம்பாள் திருவண்ணாமலைக் கோயில் குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். எண்பத்தொன்பதில், வேங்கிக்கால் பக்கம் இருந்த எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் சேர்ந்தார். அவருடைய ஆராய்ச்சி ஆட்டின் சினைப்பை பற்றியது. அதற்குக் கறிக்கடைக்குத்தான் போகவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் காலையில், வெதுவெதுப்பான உப்புநீர் நிரப்பிய பிளாஸ்க்குடன் பாட்ஷா பாய் கடை வாசலில் நிற்பார்.

"குருக்கள் வீட்டுப் பொண்ணு பிளாஸ்க்குல மறைச்சி கறி எடுத்துனு போவுது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மறைத்து எடுத்துப்போகிறவர் ஊர் பார்க்க வரிசையில் நிற்பாரா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்றார் அண்ணன். கைகழுவிவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் வரவேண்டும் என்றார் மேடம். இரண்டு ஆசாரங்களிலும் அவர் தவறியதில்லை.

ஊர் அவரைச் சந்தேகித்தது. அவர் எல்லோரையும் சந்தேகித்தார். நுண்ணோக்கியில் நான் உயிரணுக்களை எண்ணும்போது, எந்தத் தட்டு எந்த ஆட்டினுடையது என்று தெரியாதபடி சீட்டுகளை மாற்றி ஒட்டுவார்.

"என் மேல நம்பிக்கை இல்லீங்களா மேடம்?"

"உங்க மேல இருக்கு சார். உங்க ஆசை மேலதான் இல்ல. என் ஆசை மேலயும் இல்ல."

பெண்ணுயிர் பிறக்கும்போதே அதன் சினைமுட்டைகள் அத்தனையும் உருவாகிவிடுகின்றன, பிறகு புதிதாக ஒன்றும் வராது என்பது பாடப்புத்தகம். வயதான சினைப்பையிலும் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு அணுக்களாக மாறவல்ல மூல அணுக்கள், மிஞ்சியிருக்குமா என்பது மேடத்தின் கேள்வி. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள், கிழ ஆட்டின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களுக்கிடையே முட்டை போன்ற உருண்டைகள் தெரிந்தன. கட்டுரை வெளியானது. நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன். என் பேராசிரியர் பதவி உயர்வு அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது. ஒரு நாளிதழ் இன்னும் ஒரு படி மேலே போய், இனிப் பாட்டிகளும் பிள்ளை பெறலாம் என்று எழுதியது. கிரிவலம் முடித்த கையோடு பெண்கள் ஆய்வகத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சரோஜாவுக்கு நாற்பத்தாறு வயது. "உண்டா இல்லியான்னு மட்டும் சொல்லிடுங்கம்மா" என்றார். "இன்னும் தெரியலம்மா, தெரிஞ்சதும் நானே சொல்றேன்" என்று விலாசம் வாங்கிக்கொண்டார் மேடம்.

"கெழட்டு ஆட்டுக்கு இது ரொம்ப ஜாஸ்தி சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் என்னைச் சந்தேகித்தார். ஆய்வகச் சாவி இரண்டு வாரம் என்னிடம் இல்லை. பிறகு தன்னையே சந்தேகித்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். கடைசியில் என்னையும் அழைத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனார்.

"பாய், எனக்குக் கெழட்டு ஆட்டோடதுதானே குடுக்கறீங்க?"

பாய் பதறிப்போனார். "இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? அவ்ளோ பெரிய எடத்துப் பொண்ணு கடை தேடி வர்றீங்க. உங்களுக்குப் போயி கெழட்டு ஆட்டோடத குடுப்பனா? எளசாப் பாத்து நானே பொறுக்கி வெப்பேங்க."

"எப்பலேர்ந்து பாய்?"

"மொத நாள்லேர்ந்து!" என்றார் பெருமையுடன்.

நம் ஊர் மரியாதையைத் தாங்கக்கூடிய ஆய்வுமுறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மேடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் பாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "ஆட்டின் பல்லைப் பார்த்து வயதை நான் சரிபார்க்கவில்லை, தவறு என்னுடையது" என்று எழுதினார். என் பதவி உயர்வு அதோடு போயிற்று. எனக்குக் கிடைக்கக் கூடாதென்றே செய்தார் என்று நான் நெடுநாள் நம்பினேன்.

அந்த வாரமே கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்து ஏறினார். தான் மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று என்னையும் கூட்டிப்போனார். சரோஜா ஒரு துண்டறிக்கையை நீட்டினார். நகரத்தில் புதிதாக வந்த ஒரு கிளினிக், நாளிதழ்ச் செய்தியை மேடத்தின் பெயரோடு அச்சடித்திருந்தது.

"ஊசி போட்டா தங்கிடும்னு சொல்றாங்கம்மா. மல்லாட்டக் கொல்லைய விக்கப் பேசினு இருக்கோம்." வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தைச் சொன்னார்.

"விக்காதீங்க. நான் சொன்னது தப்பு. அப்பிடி ஒரு வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. அந்த ஊசில என்ன இருக்குன்னும் யாருக்கும் தெரியாது."

"சாமிய வேண்டிக்கினா?"

"அத நான் சோதிச்சுப் பாக்கலம்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

சரோஜா கொஞ்ச நேரம் அழுதார். பிறகு துண்டறிக்கையை அடுப்பில் போட்டு, அதே அடுப்பில் எங்களுக்குக் காபி வைத்தார்.

திரும்பும்போது மேடம் கேட்டார்: "அந்தம்மா நம்பிட்டாங்களா சார்?"

"நம்பிட்டாங்க மேடம்."

"நெஜமாவா?"

"அடுப்புல போட்டாங்களே, பார்த்தீங்கல்ல?"

அதற்குப் பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். மலை தெரியும்வரை அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து இருக்கையில் நான், போய்விட்ட பதவியை நினைத்தபடி உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

அன்று சொல்லியிருக்க வேண்டியது: நீங்கள் செய்ததுதான் சரி, மேடம். போய் வாருங்கள்.