மூன்று டாங்கிகளும் ஒரு மேட்டு இடமும்

எங்கள் அம்பத்தூர் அடுக்ககத்தில் தகரக் கூரை போட்ட, மேடான கார் நிறுத்தும் இடம் ஒன்றுதான். மற்றவையெல்லாம் பள்ளம், அடைமழையில் கார்க்கதவு வரை தண்ணீர் நிற்கும். மேட்டில் நிறுத்திவந்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போனதும் அந்த இடத்துக்கு இரண்டு கார்கள் போட்டியிட்டன. ஒன்று என்னுடையது, மற்றது முதல் மாடிக்காரருடையது.

முதல் மாடிக்காரர் ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ டாங்கி செய்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்தில் சீட்டுக் குலுக்கலாம் என்றபோது அவருக்குக் கோபம் வந்தது.

"குலுக்கல்ல என்ன திறமை இருக்கு? உங்க கம்ப்யூட்டர்ல அந்த டாங்கி ஆட்டம் இருக்கே, அதுல பார்த்துக்கலாம்" என்றார் என்னிடம்.

பழைய ஆட்டம் அது. மலைகளுக்கிடையே ஆளுக்கொரு டாங்கி. முறை வரும்போது கோணமும் விசையும் வைத்துக் குண்டு வீச வேண்டும். ஒவ்வொரு முறையும் காற்று திசை மாறும். கடைசிவரை நிற்கும் டாங்கிக்கு வெற்றி. நான் பல வருடமாக ஆடிவருபவன், உடனே சம்மதித்தேன். கீழ்வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டர் மட்டும்தான். ஆனாலும் அவரும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார் அல்லவா? ஜனநாயகம் என்று பெருந்தன்மையோடு அவரையும் சேர்த்துக்கொண்டோம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் என் வீட்டில் ஆடினோம். சனிக்கிழமை என்று முதல் மாடிக்காரர் இன்றும் சொல்லிவருகிறார், தவறு. இருந்தது ஒரே கணினி. ஒருவர் கோணம் வைக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்று விதி செய்தோம். நரைத்த தலையோடு மூன்று பேர், வகுப்பில் தண்டனை பெற்றவர்களைப் போல மாறி மாறி நின்றோம்.

முதல் மாடிக்காரர் தாளில் கணக்குப் போட்டு வீசிய குண்டு என் டாங்கியைத் தாண்டி மலையில் விழுந்தது.

"பீரங்கி சரியில்ல" என்றார்.

"இன்னா சார், நீங்க செஞ்சதுதானே?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

நானும் முதல் மாடிக்காரரும் ஒருவரையொருவர் மட்டுமே சுட்டுக்கொண்டோம். ஸ்கூட்டர்காரர் எங்கள் கண்ணிலேயே படவில்லை. அவரும் தம் முறை வரும்போதெல்லாம் ஒரு குண்டை வானத்தில் வீணாக்கிவிட்டு, "உங்க சண்டைல நா எதுக்கு சார் ஊடால" என்று ஒதுங்கினார். அந்தப் பணிவை நாங்கள் ரசித்தோம்.

கடைசியில் என் டாங்கி வெடித்தது. முதல் மாடிக்காரர் கார்ச் சாவியைத் தேடி எழுந்தார். இன்னொரு டாங்கி பாக்கி இருப்பதை நான் நினைவூட்டினேன்; அதில் எனக்கு அற்ப சந்தோஷம். அவர் நின்றபடியே அலட்சியமாக ஒரு குண்டை வீசினார். எதிர்க்காற்று. மேலே போன குண்டு திரும்பி வந்து அவர் தலையிலேயே இறங்கியது.

"காத்து பாக்கலியா சார்?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"இது செல்லாது. உங்களுக்குத்தான் காரே இல்லையே."

"ஆட்டத்துல கார் கேக்கலியே சார். டாங்கிதானே கேட்டுது."

சங்கத்தில் முறையிட்டோம். போட்டியை வைத்ததே நீங்கள்தானே என்று செயலாளர் முடித்துவிட்டார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் தண்ணீரில், கிளம்ப மறுத்த முதல் மாடிக்காரர் காரை இருவரும் தள்ளிக்கொண்டிருந்தோம், அடுத்து என்னுடையது. மேட்டில் ஸ்கூட்டர் நட்டநடுவே உறை போட்டு நின்றது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர்.

"ஏன் சார் நனைஞ்சிகினு கீறீங்க? இங்க வந்து நில்லுங்க, எடம் நெறைய கீது."

போய் நின்றோம்.