வாத்தாகக் கத்தியவர்

ரங்கூனுக்கு வடக்கே, மாவ்பி என்ற ஊரின் வயலோரப் புதரில் ரயில்வே கேட்காரரும் நானும் உட்கார்ந்திருந்தோம். வாத்துக்காரர் இல்லை, சந்தைக்குப் போயிருந்தார். தினமும் வாத்து திருடும் நரியைச் சுட்டுத் தரும்படி கேட்டவர் அவர்தான்.

கேட்காரர் பெரிய மீசைக்காரர். மீசையை ஒருமுறை துடைத்துவிட்டு, கையால் வாயைப் பொத்தி, அடிபட்ட வாத்தைப்போலக் கத்தினார். நரி வரப்பேறி வந்தது. அவர் சின்ன ரைபிளைத் தூக்கிக் குறிபார்த்த நொடியில், “ஐயோ, என் வாத்து!” என்று அலறியபடி, சந்தையிலிருந்து திரும்பிய வாத்துக்காரரே கம்புடன் குறுக்கே ஓடிவந்தார். நரி பாய்ந்து மறைந்தது.

“கெடுத்துட்டீங்களே அண்ணே!” என்றேன்.

கேட்காரருக்கோ சிரிப்பு தாங்கவில்லை. “நரி ஏமாறுறது என்ன பெருசு தம்பி? வளர்த்தவரே ஏமாந்துட்டாரே!”

குறி தப்பியதில் அவ்வளவு மகிழ்ந்தவரை நான் பிறகு கண்டதில்லை. மறுநாள் நரி இரண்டு வாத்துகளைக் கொண்டுபோயிற்று. அவற்றுக்கு ஈடாக நாங்கள் பாதிக்குப் பாதி போட்டு வாத்துக்காரரிடம் கொடுத்தது ஒன்றரை ரூபாய்.