மூன்று கரண்ட் மெஷின்கள்

பெரம்பலூரில் நான் தையல் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, மையத்தின் மாடி ஹால் முழுக்கக் கால் மெஷின்கள். கரண்ட் மெஷின்கள் மூன்றுதான் இருந்தன. முதலில் வருகிறவர்கள் அதில் உட்காருவார்கள். யாரும் போட்ட விதியில்லை, அப்படியே பழகிவிட்டது. என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நடந்தே போய் ஜன்னலோர மெஷினைப் பிடித்துவிடுவேன்.

என் தோழி விக்கிரமங்கலத்திலிருந்து வந்தாள். அரியலூரில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். அவள் படியேறி வரும்போது மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிசைக் கால் மெஷினில் போய் உட்காருவாள். காலர் வைப்பதில் வகுப்பிலேயே அவள் வேலைதான் சுத்தம். நான் வைத்த காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அவள் பிரித்துத் திருப்பித் தைத்துத் தருவாள். "நீ இங்க உக்காருடி" என்று ஒருநாளாவது நான் எழுந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

பயிற்சி முடிந்ததும் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் டெஸ்ட் வைத்தார்கள். அங்கே எல்லாமே கரண்ட் மெஷின். கால் மெஷினை விடாமல் மிதிக்க வேண்டும். கரண்ட் மெஷினுக்கு லேசாகப் பாதம் பட்டாலே போதும். அவள் பழக்கத்தில் அழுத்தி மிதித்துவிட்டாள். மெஷின் அலறிக்கொண்டு ஓடியது. துணி சுருண்டு ஊசி முறிந்தது. அவள் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டாள்.

"சர்டிபிகேட் வச்சிருக்க, மெஷின் ஓட்டத் தெரியலியேம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"கால் மெஷின்ல நல்லா தைப்பேன் சார்."

"இங்க ஏதும்மா கால் மெஷின்? ஹெல்பரா வேணா சேந்துக்க."

எனக்கு டெய்லர் வேலை கிடைத்தது. அவள் ஹெல்பராகச் சேர்ந்தாள். என் லைனின் கடைசியில் நாளெல்லாம் நின்றுகொண்டு நூல் பிசிறு வெட்ட வேண்டும். நான் சட்டைக்குத் தோள் மட்டும் தைப்பேன். அந்தச் சட்டை கைமாறிக் கைமாறி அவளிடம் போகும். ஏதாவது கோணியிருந்தால், செக்கிங்குக்குப் போவதற்குள் என்னிடம் கொண்டுவந்து, "பிரிச்சுத் தைச்சுடுடி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒருநாள் கேட்டாள். "சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் ஒன் மெஷின்ல உக்காந்து பழகிக்கவா?"

சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். "ஊசி கையில ஏறினா யாரு பதில் சொல்றது? நீ ஒன் வேலையப் பாரு" என்றார். நானும் வேலைக்குப் புதுசு. அதற்குமேல் வாய் திறக்கவில்லை. கால் வீங்குகிறது என்று சில மாதங்களில் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

இப்போது நான் அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். போன வருஷம் பயிற்சி மையத்தில் புதுப் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ்தான் இன்னும் இருந்தார். "இங்க படிச்சவங்கதான்" என்று என்னைப் பெருமையாகக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண்ணைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றேன்.

"வரதராஜன்பேட்டை அக்கா. ரெண்டு பஸ் மாறி வரேன்."

"கரண்ட் மெஷின்ல உக்காந்திருக்கியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் மிஸ்ஸிடம், "முறை வச்சு எல்லாரையும் உக்கார வைங்க மிஸ்" என்றேன்.

"இருக்குற மெஷின எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்தா யாருக்குமே கை வராதேம்மா" என்றார் அவர். அதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் அடுத்த வாரம் போன் செய்து, முறை வைத்துவிட்டதாகச் சொன்னார்.

அதைச் சொல்லத் தோழிக்குப் போன் போட்டேன். அவள் இப்போது வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள்.

"நல்லதுடி. நீ என்ன பண்ணுவ, எங்க ஊரு பஸ்ஸு லேட்டு" என்றாள்.

பஸ்ஸின் மேல் பழியைப் போட்டு என்னை விட்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "ஆள் வந்திருக்காங்க, அளவு எடுக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் போகவில்லை.